போருக்குப் போன சனிக்கிழமை

பலெர்மோவில் பாத்திரம் கழுவிய மனிதர்களில் சனிக்கிழமையைவிட மோசமானவன் பிறக்கவில்லை; இனிப் பிறக்கவும் மாட்டான். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஓர் உணவகத்தில் நாலு வருடம் அவனோடு ஒரே தொட்டியில் கை நனைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். சட்டியின் வெளிப்புறத்தை முகம் பார்க்கலாம் என்னும் அளவுக்குத் தேய்ப்பான். உள்ளே ஒட்டியது அப்படியே இருக்கும். கேட்டால் சோடாப்புட்டிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, தனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்பான்.

சனிக்கிழமை என்பது நாங்கள் வைத்த பெயர். ஒடேசாவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் தாயோடு இங்கே வந்து சேர்ந்த யூதப் பையன். வெள்ளி பொழுதுபட முன் ஏப்ரனைக் கழற்றினால் ஞாயிறுதான் திரும்பக் கட்டுவான். உணவகத்தில் சனிக்கிழமை லீவு கேட்பது, தேரன்று வடம் பிடிப்பவன் லீவு கேட்பதுபோல. முதலாளியம்மா சீஞ்ஞோரா கத்தித் தீர்த்தார். கடைசியில் அவனுடைய சனியை நான் செய்வது, என்னுடைய ஞாயிறை அவன் செய்வது என்று முடிவானது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். யூதரைப் பற்றி எனக்கென்ன தெரியும்? சனிக்கிழமை வேலை இல்லை, பன்றி இல்லை, அன்றைக்கு அடுப்புக்கூட மூட்டமாட்டான் என்றதும், பையனுக்கு ஏழரைச் சனி, விரதம் பிடிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். என் மனைவி இரக்கப்பட்டு மூன்று கிழமை அவன் பெயரில் எள்ளெண்ணெய் எரித்தாள். எள்ளுருண்டையும் கட்டித் தந்தாள். மூன்று கிழமையும் ஒரு கேள்வி கேட்காமல் தின்றான். நாலாவது கிழமை எதற்காக இந்த உருண்டை என்று கேட்டான். சொன்னேன். சிரித்து இருமி, ஒரு தட்டையும் உடைத்தான்.

"எங்கடை சனிக்கு எண்ணெய் வேண்டாம், அண்ணை. சும்மா இருந்தாக் காணும்."

எங்களோடு நின்று தமிழ் பழகிவிட்டான். சொல் தெரியாத இடத்தில் இத்தாலிய மொழியால் நிரப்புவான். ஆனால் வேலை மட்டும் பழகவில்லை. ஒருநாள் வுச்சீரியாச் சந்தைக்குக் கணவாய் மீன் வாங்க அனுப்பினோம். அதைப் பார்க்க அருவருப்பாம். பையைக் கூட்டுகிற தும்புத்தடியின் நுனியில் தொங்கவிட்டு, கொடி பிடித்தவன்போல வியா மக்வேதாத் தெரு நெடுக நடந்து வந்தான். உல்லாசப் பயணிகள் நின்று படம் எடுத்தார்கள்.

இப்படிப்பட்டவன் ஒருநாள் தொட்டியடியில் நின்று சொன்னான்: "அண்ணை, நான் போறன்."

"எங்கை, கடைக்கோ?"

"சண்டைக்கு."

அவன் பிறந்த ஊரில் குண்டு விழத் தொடங்கியிருந்த நேரம் அது. படைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு போனிலேயே விண்ணப்பம் அனுப்பிவிட்டானாம். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. சண்டையிலிருந்து ஓடி வருவார்கள். அதை நோக்கி எவனாவது ஓடுவானா? நாங்கள் எங்கள் ஊர்ச் சண்டையில், இறக்கிய சோற்றுப்பானையை அப்படியே விட்டுவிட்டு ஓடியவர்கள். இங்கே தங்கும் அனுமதிக்கு, ஒரு பெர்மெஸ்ஸோவுக்காக, நான் குவெஸ்தூரா பொலிஸ் வாசலில் காத்து நின்ற நாட்களில் ஒரு வீடு கட்டி முடித்திருக்கலாம். இவன் அதைப் பையில் வைத்துக்கொண்டு சாகப் போகிறான்.

"கரண்டி பிடிக்கத் தெரியாது. துவக்குப் பிடிக்கப் போறியோ?" என்றேன்.

அவன் கோபிக்கவில்லை. "நீங்கள் ஓடி வந்தனீங்கள், அண்ணை. அங்கை ஆரோ நிண்டவைதானே?"

கழுவிய சட்டியையே திரும்பக் கழுவினேன். போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை, நக்கலடிக்கத்தான் வாயிருந்தது.

அன்றிலிருந்து பயிற்சி என்று உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் போட்டு மாடிப்படி ஏறி இறங்கினான். மூட்டை வெடித்து, சாப்பிட வந்தவர்களின் காலடிவரை கிழங்கு உருண்டது. ஒரு படையையே தோற்கடிக்க இவன் ஒருவன் போதும் என்று சீஞ்ஞோராவுக்கே விளங்கியது.

கடைசியில் நேர்த்திக்கடன் வைக்கத் துணிந்தேன். பிள்ளையாரிடம் போகலாம்; ஆனால் அந்நிய நாட்டுப் பட்டாள விஷயம். இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசலியாதான் சரி என்று பட்டது. எங்கள் சமையல்காரர் மன்னார் அண்ணை பங்குக் கோயிலே கதியென்று கிடப்பவர். அவரிடம் முறை கேட்டேன். புனிதையின் குகைக் கோயிலுக்குச் செருப்பில்லாமல் மலை ஏறினால் போதுமாம். படைக்காரர் பையனைக் கண் தெரியாதவன் என்று தள்ளிவிட வேண்டும், இதுதான் என் கோரிக்கை.

நேர்த்தி வைத்த பத்தாம் நாள், வியாழக்கிழமை, அவனுக்குப் பதில் வந்தது. கண் போதாது, எடுக்க முடியாதாம். எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. அவனோ இரண்டு நாள் சட்டிகளை உள்ளும் புறமும் ஒழுங்காகக் கழுவினான். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை, உணவகம் பூட்டு. நேர்த்தியை முடிக்க மொந்தே பெலெக்ரினோ மலைக்குப் புறப்பட்டேன். தானும் வருவதாகச் சொல்லி ஒட்டிக்கொண்டான். என் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, என்னைவிட அதிகமாக மூச்சிரைத்தபடி ஏறினான். என்ன நேர்த்தி என்று கேட்டான். மனுசிக்கு முழங்கால் நோ என்றேன்.

குகைக்குள் போய், மெழுகுதிரி கொளுத்தி, நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தால் பையன் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

"எடுத்திட்டினம், அண்ணை. சண்டை முன்னுக்கில்லை, சமைக்கிற குசினிக்கு."

மன்னார் அண்ணைக்கு அங்கேயே போன் அடித்தேன், உங்கள் புனிதை ஏமாற்றிவிட்டார் என்று. அவர் அமைதியாகக் கேட்டார்: "எவ்வளவு காலத்துக்குத் தள்ளச் சொல்லிக் கேட்டனி, தம்பி?"

காலம் நான் சொல்லவில்லை. தள்ளத்தான் கேட்டேன். புனிதை தள்ளினார், பதினாலு நாளுக்கு.

திரும்பக் குகைக்குள் போனேன். இந்த முறை நாள், கிழமை, கை, கால், கண், எல்லாவற்றையும் விபரமாகச் சொன்னேன். யுத்தம் முடியும்வரை மாதம் ஒருமுறை வெறுங்காலோடு வருவதாகவும் ஒப்புக்கொண்டேன். வெளியே வந்ததும், ஏன் மறுபடி போனீர்கள் என்றான்.

"மற்ற முழங்கால்."

வழியனுப்ப நான் போகவில்லை. சட்டிகள் குவிந்து கிடந்தன என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்து நிலவறையில் இருநூறு பேருக்கு பீட்ரூட் சூப் காய்ச்சுகிறானாம். சூப் அடிப்பிடித்தால் மட்டும் எனக்குப் போன் அடிப்பான். வினாகிரி ஊற்றி ஊறவைக்கச் சொல்லி ஏசுவேன். அவனுக்குப் பின்னால் ஏதோ இடிபோல முழங்கும். பிறகு கதைப்பதாகச் சொல்லி வைத்துவிடுவான். பத்து நாள் அழைப்பில்லாவிட்டால், சமையல் பழகிவிட்டானாக்கும் என்று மனைவி சொல்வாள். அவளுக்கும் அன்று சாப்பாடு இறங்காது.

மாதாமாதம் ஏறி என் குதிக்கால் வெடித்துவிட்டது. இந்தப் பாழாய்ப்போனவன் முழு உடம்போடு வந்து சேரட்டும். அவனை ஏச என்னிடம் இன்னும் நிறையக் கிடக்கிறது.