குல்லா போட்ட சோத்துப்பானை

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலதான். சோறாக்கணும்.

இறம்பொடையிலேருந்து அத்தை வர்றாங்க. என் பொண்டாட்டி கொட்டகலையில டீச்சர். ஸ்கூலுக்குக் கெளம்புறப்பவே சொல்லிட்டா: "அம்மா வர்றப்ப சோறு ரெடியா இருக்கணுங்க. ஏற்கனவே ஒங்களப் பத்தி அவங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்ல. கேஸும் தீரப்போவுது, பாத்து!"

யாருகிட்ட! போன வாரந்தான் கோயில் மண்டபத்துல ஒரு எரிசக்தி விஞ்ஞானி வந்து பேசுனாரு.

"மண்ணுக்கடியில இருக்கற எண்ணெயும் கேஸும் ஒருநாள் தீர்ந்துரும். சோறு கொஞ்சம் கொதிச்சதும் எறக்கி, சூடு போகாம பொத்தி வைங்க. அந்தச் சூட்டுலயே வெந்துரும்!"

முன்வரிசையில உக்காந்து கைதட்டுனவன் நான்.

அதே மாதிரி செஞ்சேன். கொதிச்ச பானைய எறக்கி கட்டில்ல வச்சேன். சுத்தித் தலகாணி. மூடி வரைக்கும் பெரிய கம்பிளி. அப்பவும் மூடி வழியா ஆவி போச்சு. நம்ம ஊர்க் குளிருக்கு விடலாமா? என் குல்லாவக் கழட்டி மூடிக்கு மாட்டுனேன். கச்சிதம்!

நாட்டையே காப்பாத்துன பெருமையில, கதவச் சும்மா சாத்திட்டு அப்பளம் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தா எங்க தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல கூட்டம். ஓட்டோ வேற நிக்குது! பக்கத்து வீட்டு ராமையாண்ணே எட்டி எட்டி உள்ள பாத்துக்கிட்டிருந்தாரு.

"என்னண்ணே?"

"டீச்சர் புருசனுக்கு ரொம்ப முடியலையாம்."

"டீச்சர் புருசன் நான்தாண்ணே!"

"ஆமாம்ப்பா, பாவம்"ன்னாரு, திரும்பாமலே.

உள்ள ஓடுனேன். பனிமூட்டத்துல ரூம்பு ஒரே இருட்டு. அத்தை குல்லாவத் தடவித் தடவி விபூதி பூசுறாங்க.

"மாப்பிள்ள, கண்ணத் தொறங்க! ஒடம்பு நெருப்பா கொதிக்குதே! ஆஞ்சநேயா, தங்கமான மனுசன், காப்பாத்திக் குடுத்துரு. நூத்தெட்டு வடையில மாலை போடுறேன்!"

தங்கமான மனுசன்! கல்யாணமானதுலேருந்து இப்பதான் கேக்குறேன். சத்தியமா கண்ணு கலங்கிருச்சு. இன்னும் கொஞ்சம் கேப்போம்னு கம்முனு நின்னேன்.

அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோக்காரரு தலைப்பக்கம் புடிச்சுத் தூக்குனாரு. குல்லா கையோட வந்துருச்சு. கூடவே மூடியும்! குபுக்குனு ஆவி!

அத்தை அலறுன அலறல்ல அப்பளத்தக் கீழ போட்டுட்டேன்.

"அத்தை... அது சோறு."

என்னயப் பாத்தாங்க. பானையப் பாத்தாங்க. "அப்ப ஒங்களுக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்லைங்க அத்தை."

"சரி, சோத்தப் போடுங்க."

சோறு பூவா வெந்திருந்துச்சு. விஞ்ஞானம் ஜெயிச்சிருச்சு! நான் தங்கமா, பித்தளையான்னு அப்புறம் அவங்க வாயே தொறக்கல. கையக் கழுவிட்டு ஒண்ணு மட்டும் சொன்னாங்க.

"வடைமாலைய மறந்துறாதீங்க மாப்பிள்ள."

"எனக்குக் காச்சலே வரலையே அத்தை?"

"வராமக் காப்பாத்துனதே அவருதானே!"

சோத்துல மிச்சம் புடிச்ச கேஸு, இன்னிக்குப் பாதி வடையிலயே தீர்ந்துபோச்சு. மீதி வடைக்கு வெறகு பொறுக்கிக்கிட்டிருக்கேன். அந்த விஞ்ஞானியப் பாத்தா சொல்லிராதீங்க.