தங்கபாண்டி ரேம் மாற்றிய சனிக்கிழமை

பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. தங்கபாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு கியரை இறக்கினான். இந்த வளைவைத் தாண்டினால் மலையுச்சி. அந்த நேரம் பார்த்து ஸ்கிரீன் நீலமாகிவிட்டது. பஸ்ஸைக் காணோம், மலையைக் காணோம், நம்பி ஏறிய பயணிகளையும் காணோம். நீலத்துக்கு நடுவில் ஒரு சோக முகம் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உனக்கென்னடா சோகம்? நொந்துபோயி உக்காந்திருக்கிறவன் நானு!"

மேசையை ஓங்கிக் குத்தினான். கை வலித்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

பழனிசெட்டிபட்டியில் சொட்டுநீர்க் குழாய் வியாபாரம் செய்கிற தங்கபாண்டி, கடைக் கணக்குப் பார்க்க என்று சொல்லித்தான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினான். இன்றுவரை அதில் ஏறிய ஒரே கணக்கு, பஸ் கேமில் அவன் கவிழ்த்த பஸ்களின் கணக்கு. பக்கத்து மேசையில் இருந்தது மனைவி சொர்ணலதாவின் கம்ப்யூட்டர். கல்யாண பிளவுசுகளுக்கு மிஷின் எம்பிராய்டரி டிசைன் போடுவது அவள் தொழில். போடி, கம்பம், தேவாரம் என்று பக்கத்து ஊர்களிலிருந்து ஆர்டர் வரும். இரண்டு பெட்டியும் நத்தையாக ஊர்கிறதென்று, போன மாதம்தான் பழசைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு புது மெமரி, அதாவது ரேம் அட்டை, மாட்டினார்கள். ஒரே கம்பெனி, ஒரே அளவு, தேனியில் ஒரே கடை, ஸ்டீவன் கடை. அவள் பெட்டி ஓடுகிறது. இவன் பெட்டி நீலம் பூசிக்கொள்கிறது.

"லதா! மெமரி போச்சுடி!"

"அது கல்யாணத்துக்கு முன்னாடியே போச்சுன்னு உங்கம்மா சொன்னாகளே." அவள் தலையைத் தூக்கவில்லை.

"எனக்கில்லடி, பெட்டிக்கு! ரேம் மக்கர் பண்ணுது!"

"ஸ்டீவன் கடைக்குக் கொண்டு போங்க."

"அவன் எதுக்கு? பைப்புல அடைப்புன்னா நான் கழட்டி, வெளக்கி, மாட்டலையா? இதுவும் அதே மாதிரிதான்."

கழற்றினான். ரேமின் ஓரத்தில் தங்கப்பல் கட்டியதுபோல ஒரு வரிசை இருந்தது. குத்துவிளக்கே விபூதியில்தானே பளபளக்கிறது என்று, சாமி படத்துக்கு முன்னால் இருந்த விபூதியை அள்ளித் தேய்தேய் என்று தேய்த்து மாட்டினான். அதுவரை உச்சி வளைவு வரையாவது போன பஸ், இப்போது ஸ்டாண்டை விட்டே கிளம்பவில்லை.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேனிக்குப் போனான். ஸ்டீவன் ஏதோ ஒரு சோதனையை ஓடவிட்டான். ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு வரிகள் ஓடின.

"ரேம் பழுதுண்ணே. வரும்போதே கோளாறா வந்திருக்கும்."

"அப்ப மாத்திக் குடு!"

"மாத்திரலாம். இதென்ன வெள்ளையா?" முகர்ந்து பார்த்தான். "விபூதியா?"

"நல்ல சுத்தமான விபூதி!"

"விபூதி போட்டு வெளக்குன ரேமுக்குக் கம்பெனிக்காரன் வாரண்டி தரமாட்டாண்ணே." ஸ்டீவன் அதைச் சுத்தமாகத் துடைத்துத் திருப்பி மாட்டினான். "புதுசுதான் வாங்கணும்."

"ஓட்டைப் பைப்பை வித்துட்டு நான் இப்படிப் பேசுனா, திராட்சைத் தோட்டக்காரன் அந்தப் பைப்பாலயே என்னைய அடிப்பாண்டா! இனி புதுசு வாங்கன்னு உன் கடை வாசல மிதிச்சேன்னா என்னைய ஏன்னு கேளு!"

வீடு வரும் வரை திட்டிக்கொண்டே வந்தான். ஸ்பீடு பிரேக்கரைத் திட்டினான். குறுக்கே வந்த மாட்டைத் திட்டினான். கம்பெனியைத் திட்டினான். கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவனின் பரம்பரையையே திட்டினான். வாசலில் வண்டியை நிறுத்தியபோது, பூவும் மயிலும் போட்டுக்கொண்டிருந்த சொர்ணலதாவின் பெட்டி கண்ணில் பட்டது. பூப்போடுகிறவளுக்கு எதுக்கு நல்ல மெமரி? மலை ஏறுகிறவனுக்கல்லவா வேண்டும்!

"லதா, நாளைக்குச் சனிக்கிழமை. குச்சனூர் போயிட்டு வாயேன்."

அவள் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினாள். "நீங்களா சொல்றீக? கோயில்னு சொன்னாலே வெயிலு, கூட்டம்னு குறுக்க விழுவீகளே?"

"சனீஸ்வரன் நம்ம வீட்டுல வந்து உக்காந்துட்டாரு. போயி அங்கன சமாதானம் பேசிட்டு வா."

"நீங்க?"

"நான் கடையப் பாக்கணும்ல."

"சரி. தேவாரத்துக் கல்யாண ஆர்டரு திங்கக்கிழமை குடுக்கணும். என் பெட்டியத் தொட்டுறாதீக."

"நான் எதுக்குத் தொடப்போறேன்!" தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான்.

சனிக்கிழமை காலையில் அவள் பஸ் ஏறியதும், கடையைத் திறக்காமல் ஸ்குரு டிரைவரோடு உட்கார்ந்தான். இரண்டு பெட்டியையும் பிரித்தான். அவளுடைய ரேம் இங்கே, தன்னுடையது அங்கே. மாட்டும்போது தேவாரத்துக் கல்யாணப் பெண்ணை நினைத்துக் கொஞ்சம் உறுத்தியது. ஸ்டீவனை நினைத்தான். உறுத்தல் போய்க் கோபம் வந்துவிட்டது. அழுத்தி மாட்டினான்.

பஸ் கிளம்பியது. ஹாரன் அடித்தான். கொண்டை ஊசி வளைவு. நீலம்.

அதையே திரும்பக் கழற்றி மாட்டினான். திரும்பவும் நீலம். போனை எடுத்தான்.

"ஏலே ஸ்டீவனு! ரெண்டையுமே ஓட்டையாத்தான் குடுத்திருக்க!"

"அக்கா பெட்டி நல்லாத்தானண்ணே ஓடுது?"

"அந்த அக்கா ரேமுதாண்டா இப்ப என் பெட்டியில கெடக்கு!"

"அது அக்காவுக்குத் தெரியுமாண்ணே?"

போனைக் கட் செய்தான். சந்தேகத்தோடு சொர்ணலதாவின் பெட்டியைப் போட்டுப் பார்த்தான். மயில் தோகை விரித்துக்கொண்டு ஜம்மென்று நின்றது. பெரிதாக்கினான், சின்னதாக்கினான். அசையவில்லை. பழுது ரேமை வைத்துக்கொண்டு எப்படி ஓடும்? ஓடுகிறதே என்று ஆத்திரம் பொங்கியது. பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். அப்போதும் ஓடியது.

சாயங்காலம் சொர்ணலதா பிரசாதத்தோடு வந்தாள். மேசை மேல் கிடந்த ஸ்குரு டிரைவரைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, பஸ்ஸு மலை ஏறுச்சா?"

"ஏறலை!"

"ஏறலையா?" அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "ஏறியிருக்கணுமே. காலையில நீங்க குளிக்கப் போனப்ப, உங்க பழுது ரேமைக் கழட்டி என் பெட்டியில போட்டுக்கிட்டு, என் நல்ல ரேமை உங்க பெட்டியிலல்ல மாட்டிட்டுப் போனேன்?"

தங்கபாண்டியின் விரல் இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்குமாகப் போய்ப் போய் வந்தது.

"கோயிலுக்குப் போன்னு சொல்றப்பவே உங்க கண்ணு என் பெட்டி மேலதான் இருந்துச்சு. வாய்விட்டுக் கேக்க ரோஷம் விடாது. பாவம், மனுசன் ஆசைப்படுறாரேன்னு நானே குடுத்துட்டேன். தேவாரத்து டிசைனை நேத்தே முடிச்சுப் பென்டிரைவுல எடுத்துக்கிட்டேன். இப்ப அப்படியே தேனி வரைக்கும் போயி எனக்குப் புது ரேமும் வாங்கிட்டு வந்துட்டேன்." கைப்பையிலிருந்து சின்னப் பெட்டியை எடுத்தாள். "ஆமா, என் பெட்டியத் தொட்டீகளா?"

தங்கபாண்டி யாரையாவது திட்ட வேண்டும் என்று சுற்றுமுற்றும் பார்த்தான். ஸ்டீவன் இல்லை, மாடு இல்லை, ஸ்பீடு பிரேக்கரும் இல்லை. குரலை இறக்கினான்.

"லதா... அந்தப் புதுச இங்கன குடேன்."

"எதுக்கு? குடுத்தா இதையும் எனக்கே மாட்டி விட்டுருவீக. உங்களுக்கு ஏன் வீண் சிரமம்? நானே மாட்டிக்கிறேன்."