கண்ணாடி முன் நின்ற புலவர்

ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்தவனுக்கு மேடையில் நாக்கு கொஞ்சம் தடுமாறும். அங்கே இப்படிச் சொல்கிறாரே, இங்கே அப்படிச் சொல்கிறாரே என்று ஆயிரம் யோசனை வந்து தொலைக்கும். முன்பாதியை மட்டும் படித்தவனுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. சிங்கம்போல முழங்கலாம். நான் முழங்கியிருக்கிறேன். அதுவும் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் எதிரில்.

தொண்ணூறுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு டுடோரியலில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அது வயிற்றுக்கு. உயிருக்கு இலக்கிய விமர்சனம். சிற்றிதழ்களில் என் வாசகர் கடிதங்கள் இரண்டு அச்சாகியிருந்ததால் (இரண்டின் கீழும் 'சுருக்கப்பட்டது' என்ற குறிப்பு) நான் விமர்சகன் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஊருக்குத்தான் தகவல் போய்ச் சேரவில்லை.

அப்போதுதான் வேங்கிக்காலிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் சுமதி, பள்ளிக்கூட ஆசிரியை. போட்டோவைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன், கல்யாணம் என்றால் இந்தப் பெண்தான் என்று. அவள் அப்பா கலெக்டர் ஆபீசில் வேலை பார்ப்பவர், அவசரப்படாத மனிதர். "பையன் ஏதோ தமிழ்க் கூட்டத்துல பேசப் போறானாமே. வந்து கேட்டுட்டு எங்க முடிவச் சொல்றோம்" என்றாராம்.

கூட்டம் ஒரு லாட்ஜ் மாடியில். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஊருக்கு ரயில் வந்ததைப் பாடிய உள்ளூர்ப் புலவர் ஒருவரின் கும்மி நூலைப் பற்றி நான் பேச வேண்டும். புத்தகம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். தமிழ் மன்றச் செயலாளர் அதைக் கைக்குழந்தை மாதிரித் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

பிரித்தேன். முதல் பாட்டிலேயே புலவர் கடல் என்றிருந்தது. அடுத்ததில் மலை. அதற்கடுத்ததில் கம்பீரமான யானை. பக்கம் பக்கமாக இதே கதை, ரயில் பேருக்குத்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ராகம், தாளம் மாதிரி ஏதோ சமாசாரம் என்று எடுத்துக்கொண்டேன். (சங்கீதம் நமக்கு வராது. வராததை எதற்குப் படிப்பானேன்?) பாதியில் மூடிவைத்தேன். ஆள் தற்பெருமைக்காரர், விஷயம் முடிந்தது.

புறப்படும்போது அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சொன்னார். "டேய், நல்லதா ரெண்டு வார்த்த சொல்லிட்டு எறங்கிடு. ஜாஸ்தி பேசாத. பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க."

"நல்லது சொல்றது விமர்சகன் வேலை இல்லப்பா."

"அப்ப இன்னாதான்டா உன் வேல?"

மேடையில் காட்டினேன். "நண்பர்களே! ஒரு மனிதன் தன்னையே எத்தனை பக்கம் புகழ முடியும்?" என்று ஆரம்பித்து, ஆங்கிலேயர் ஆட்சி, ரயில், அடிமை மனம் என்று எங்கெங்கோ போனேன். மூன்றாவது வரிசையில் சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வியப்பு என்று நினைத்தேன். செயலாளர் விடாமல் இருமினார். சளி என்று நினைத்தேன். உச்சக்கட்டமாக, இருப்பதிலேயே மோசமானது என்று ஒரு வெண்பாவின் கடைசி இரண்டடியைப் படித்தேன்.

*வண்டி புகைகக்கும் வான்முகில் நாணுமே*
*கண்டிலேன் நின்போல் கவி.*

"புகையைக் கக்குவது ரயில். நாணுவது மேகம். நடுவில் இவருக்கு என்ன வேலை? சரி, 'நின்போல்' என்கிறாரே, யாரைப் பார்த்து? தன்னைப் பார்த்துத்தான்! கண்ணாடி முன் நின்று பாடியிருக்கிறார் புலவர். ஆட்சிக்கு அடிமைப்பட்ட மனம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மறுபாதியைக் கும்பிடுகிறது!"

கைதட்டலுக்காக நிறுத்தினேன். மூன்றாவது வரிசையில் சுமதியின் அப்பா எழுந்து நின்றார்.

"தம்பி, அந்தப் பாட்டு புலவர் பாடுனது இல்லீங்க. எங்க தாத்தா பாடுனது."

என் கையிலிருந்த புத்தகத்தைச் சுட்டிக்காட்டினார்.

"அந்தக் காலத்துல மதிப்புரைன்னா இதுதான். புஸ்தகம் போடறவரு நாலு பெரியவங்ககிட்ட சாற்றுகவின்னு பாட்டு வாங்கி முன்னாடி போட்டுக்குவாரு. யாரு பாடுனதுன்னு மேல போட்டிருக்குமே, பாக்கலீங்களா?"

"நூல் அதுக்கு அப்பறம்தான் ஆரம்பிக்குது" என்றார் செயலாளர். இருமல் சுத்தமாக நின்றுபோயிருந்தது.

ஆக, நான் கிழித்துத் தோரணம் கட்டியது கவிஞரை அல்ல, அவருடைய விமர்சகர்களை. கவிஞர் பாட்டில் ஒரு வரிகூட நான் படிக்கவில்லை. சுமதியின் அப்பா விடவில்லை. "எங்க வம்சத்துல அச்சுல வந்தது அது ஒண்ணுதான் தம்பி. எங்க கூடத்துல பிரேம் போட்டு மாட்டியிருக்கோம்."

அப்பா என் பக்கமே திரும்பவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டது மேடைவரை கேட்டது. "ஜாதகத்த இப்பவே திருப்பி வாங்கிக்கலாமா, இல்ல நாளைக்கி வந்து வாங்கிக்கறதா?"

அப்போதுதான் சுமதி முந்தானையை எடுத்தாள். அடக்கிவைத்திருந்த சிரிப்பு அறை முழுக்கக் கொட்டியது. சிரித்து முடித்துவிட்டு எழுந்தாள்.

"அப்பா, யாரு பாடுனதுன்னு சொன்னதுதான் தப்பு. பாட்டு மோசம்னு அவரு சொன்னது சரிதானே? தெனம் சோறு திங்கறப்ப எதுத்தாப்ல பாக்கறேன். மேகம் ஏன் நாணுதுன்னு எனக்கும் இதுவரைக்கும் புரியல."

"ஏய், உக்காரு!"

"நீங்களே சொல்லுங்கப்பா, உங்களுக்குப் புரிஞ்சுதா?"

அவருக்கோ வம்சத்து மானம் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். கடைசியில் என்னிடம் திரும்பினார். "சரி தம்பி. குத்தம் சொல்லத் தெரியுது. இதவிட நல்லதா ஒரு வெண்பா எழுதிக் குடுங்க. கல்யாணப் பத்திரிகைல போட்டுக்கலாம்."

சம்மதத்தை இப்படியும் சொல்லலாம் என்பது எனக்கு உறைக்கவே சற்று நேரமாயிற்று. அதைவிட நேரம் வெண்பாவுக்கு ஆனது. தளை தட்டித் தட்டி, முகூர்த்தம் நெருங்கி, அச்சகத்துக்காரர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்த பிறகே நான்காவது அடி விழுந்தது. அடுத்தவன் பாட்டைக் குற்றம் சொல்வது சுலபம். பாடுவதுதான் கஷ்டம்.

அத்தோடு விட்டார்களா? காதுகுத்தா, கிரகப்பிரவேசமா, "மாப்ள, ஒரு சாற்றுகவி!" என்று மாமனாரிடமிருந்து ஆள் வந்துவிடும். புகழ்ச்சியைக் கிழிக்கப் புறப்பட்ட நான் வேங்கிக்கால் வட்டாரத்தில் புகழாத சொந்தக்காரன் பாக்கியில்லை. போன வருஷம் மச்சான் செல்போன் கடை திறந்தான். அதற்கும் பாடினேன். சார்ஜரைச் சந்திரனுக்கு ஒப்பிட்டிருந்தேன்.

சுமதி அதைச் சமையலறை வெளிச்சத்தில் இரண்டு தடவை படித்தாள். பிறகு மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க கொள்ளுத்தாத்தாவே தேவலாங்க."