அந்தப் படத்தில் இருப்பது என் கை

மதிப்பும் மரியாதையும் மிக்க சகலை அவர்களின் சமூகத்துக்கு,

சின்ன மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் கொழுந்தியாள், கடை, தராசு எல்லாம் சுகம். அங்கே நீங்கள் சுகம்தான் என்பது காலை ஆறு மணிக்கெல்லாம் உங்கள் படம் வந்து விழுவதிலிருந்து உலகத்துக்கே தெரிகிறது. ஆகையால் தனியாக விசாரிக்கவில்லை. கைப்பேசி இருக்கும்போது காகிதத்தில் எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். குடும்பக் குழுவிலிருந்து நீங்கள் என்னை நீக்கி இன்றோடு எட்டு நாள் ஆகிறது. நான் அழைத்தால் நீங்கள் எடுப்பதில்லை. தபால்காரரை மட்டும்தான் உங்களால் நீக்க முடியாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு உங்கள் மேல் பொறாமை. அக்காவை நீங்களும் தங்கையை நானும் கட்டிய நாளிலிருந்து இருக்கிறது. நீங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் கசங்காத சட்டையோடு உட்கார்ந்திருப்பவர், நான் கறிக்கடைக்காரன். நீங்கள் வந்தால் அத்தை மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பி வைப்பார். நான் வந்தால், "வாங்க மாப்ள, கை கழுவிட்டீங்களா?" என்பார். இருபத்திரண்டு வருடமாகக் கழுவிவிட்டுத்தான் வருகிறேன், அவரும் கேட்பதை நிறுத்தவில்லை. அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், சாப்பாட்டு நேரத்தில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. நல்லி எலும்பைத் தட்டில் தட்டி, உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு, "சகல, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்யா" என்று நீங்கள் சொல்வீர்களே, அந்த ஒரு வார்த்தைக்காக நான் உங்கள் பங்கைப் பத்திரமாக எடுத்து வைப்பேன். அதே வாயால்தான், நாலு மாதத்துக்கு முன்பு டாக்டர் உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிய மறுநாள், உயிர்வதை பற்றிப் பேச ஆரம்பித்தீர்கள். கொழுப்பு உங்களுக்கு, குற்றவாளி நான்.

உங்கள் கொள்கையோடு எனக்குச் சண்டை இல்லை. கறி மரத்தில் காய்ப்பதில்லை என்பது சாப்பிடுகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்பதில் உங்களைவிட நான் உறுதியாக இருக்கிறேன். என் கடையில் திரை கிடையாது, யாரும் நின்று பார்க்கலாம். வேண்டாம் என்கிறவரைக் கையைப் பிடித்து இழுத்ததும் கிடையாது. ஆனால் சகலை, பல் விளக்காத வாயோடு கைப்பேசியைத் திறக்கிறவர்களுக்கு, பூப்போட்ட எழுத்தில் "இனிய காலை வணக்கம்" என்று எழுதி அதன் கீழே வெட்டுப்பட்ட தலையை வைக்கலாமா? அதிலும் அந்தப் படங்கள்! கோழி என்று போட்டிருந்தீர்கள், அது வாத்து. நேற்று வெட்டியது என்றீர்கள், அந்த நிறம் ஆறு மாதம் உறைபெட்டியில் கிடந்தால்தான் வரும். ஒன்றில் வழிகிற ரத்தம் தக்காளிச் சாறு, விதை தெரிகிறது. தொழில் தெரிந்தவன் சும்மா இருக்க முடியுமா? ஒவ்வொன்றின் கீழும் திருத்தம் எழுதினேன். நீங்கள் பதில் சொல்லாமல் கும்பிடுகிற இரண்டு கைகளை மட்டும் போட்டீர்கள். உடனே குழுவில் பதினேழு பேர் உங்களைக் கும்பிட்டார்கள். அத்தை குரல் பதிவே அனுப்பினார்: "பெரிய மாப்பிள்ளைக்கு என்ன எளகின மனசு! சின்னவரு எதுக்கு இப்படி எகிறுறாரு?" வாத்தைக் கோழி என்றவர் இளகியவர், வாத்து என்றவன் எகிறுகிறவன்.

நானும் மனிதன்தானே. நீங்கள் படம் போட்டால் உங்கள் இணையப் பக்கத்தில் நாலாயிரம் பேர் பார்க்கிறார்களே என்று, ஒரு வெள்ளிக்கிழமை விலாவையும் சப்பையையும் வரிசை கட்டி, நடுவில் ஒரு கொத்துமல்லிக் கட்டை வைத்து நானும் படம் போட்டேன். மூன்று பேர் இதயம் போட்டார்கள். ஒன்று நான். இன்னொன்று தராசு பழுது பார்க்கிறவர். மூன்றாவது உங்கள் கொழுந்தியாள் என்று பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, "படம் பிடிச்சிருந்துச்சா?" என்று கேட்டேன். "கொத்துமல்லி பிடிச்சிருந்துச்சு, நல்லா பச்சையா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் என் கடை வாசலை மிதிக்காதவளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்று தேற்றிக்கொண்டேன்.

அப்படிப்பட்டவள், ஒன்பது நாளைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போட்ட படத்துக்கு ஒரு சிவப்பு இதயம் போட்டாள். எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வெட்டுக்கட்டை, அதன் மேல் ஒரு தொடை, ஓங்கின கத்தி, அதைப் பிடித்த கை. முகம் இல்லை. கீழே உங்கள் வாசகம்: "இந்தக் கைகளுக்கு இரக்கம் உண்டா?" நாலாயிரத்து இருநூறு இதயங்கள். அதில் முதல் இதயம் என் வீட்டுக்காரியுடையது. என் காதில் புகை வந்தது. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள், சிரிக்கிறாள் சகலை, சிரிக்கிறாள்! நீங்கள் எழுதிய ஒற்றை வரிக்கு இந்தச் சிரிப்பா என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கண்ணாடிகூடப் போடாமல் குழுவில் தட்டினேன்: "இந்த ஆளுக்குக் கத்தி பிடிக்கவே தெரியவில்லை. கட்டைவிரல் எதற்கு இப்படி நீட்டிக்கொண்டு நிற்கிறது? முழங்கையை ஏன் இவ்வளவு தூக்குகிறான்? இவனெல்லாம் வெங்காயம் உரிக்கத்தான் லாயக்கு." அதைப் படித்ததும் அவள் சிரிப்பு நின்றது. "நெஜமாவே இது யார் கைன்னு தெரியலையா உங்களுக்கு?" என்றாள். "எந்த மடையன் கையோ, எனக்கென்ன?" என்றேன். அதோடு உள்ளே போனவள், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்களை விட்டுக்கொடுக்க மனமில்லை போலிருக்கிறது என்று என் வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் மறுநாள் காலையே பீட்ரூட் விஷயம் நடந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு பெரிய பீட்ரூட்டை என் கட்டையில் வைத்து இரண்டாகப் பிளந்து, சிவப்பு வழிய வழியப் படமெடுத்து, "இதற்கும் ஒரு தாய்மண் இருந்தது, இனிய காலை வணக்கம்" என்று எழுதி, உங்களுக்கு ஐந்து நிமிடம் முன்பாகவே என் பக்கத்திலும் குழுவிலும் போட்டேன். உங்கள் வெட்டுப்பட்ட தலைகள் எல்லாம் பளிச்சென்று வந்தன. என் பக்கத்தில் அந்தப் பீட்ரூட்டை மட்டும் மனதைப் பாதிக்கக்கூடிய காட்சி என்று சொல்லிப் புகைபோட்டு மூடிவிட்டார்கள். குழுவில் திறந்து பார்த்த அத்தை, "ஐயோ பாவம், அது என்ன பிராணி மாப்ள?" என்று விக்கி விக்கி அழுதார். நீங்கள் குழுவின் நிர்வாகி என்ற முறையில், வன்முறையைப் பரப்பியதற்காக என்னை நீக்கினீர்கள். நாலு மாதம் தலை, குடல், கால் என்று பரப்பியவர், ஒரு கிழங்குக்காக என்னை நீக்கினீர்கள்.

குழு போனபின் எனக்கு மிச்சமிருந்தது உங்கள் பொதுப் பக்கம்தான். மூன்று நாளைக்கு முன்பு கடையில் கூட்டமில்லாத நேரத்தில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். வெட்டுக்கட்டையின் மூலையில் அரைவட்டமாக ஒரு கருகல். கொதிக்கிற கெட்டிலை வைத்தால் விழுகிற மாதிரி. குனிந்து என் கட்டையைப் பார்த்தேன், அதே மூலையில் அதே கருகல். ஒருவர் தன் கையை மேலிருந்துதான் பார்த்திருப்பார், பக்கவாட்டில் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கத்தியை எடுத்துக்கொண்டு எதிர் மருந்துக்கடைக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நின்று ஓங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் நீட்டிக்கொண்டு நின்றது. முழங்கை தூக்கிக்கொண்டு நின்றது. மருந்துக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

பிறகு கீழே உள்ளவற்றைப் படித்தேன். இந்தக் கை அழுகட்டும் என்று முந்நூறு பேர். நடுவில் எங்கேயோ இருக்கிற ஒரு கறிக்கடைக்காரர், "வெட்டு சுத்தம், ஒரு சில்லுகூடச் சிதறலை. யார் கை இது?" என்று கேட்டிருக்கிறார். சகலை, என் வாழ்நாளில் தொழில் தெரிந்த ஒருவர் என்னை மெச்சியது அதுதான் முதல் தடவை. "என் கை" என்று எழுத விரலை வைத்தேன். அதற்கு நேர் கீழே, குழுவில் நான் தட்டியதை நீங்கள் ஒட்டி வைத்திருக்கிறீர்கள்: "ஒரு கறிக்கடைக்காரரே ஒத்துக்கொள்கிறார், இவன் வெங்காயம் உரிக்கத்தான் லாயக்கு." விரலை எடுத்துவிட்டேன்.

நீங்கள் என் கடைக்கு வந்ததில்லை, ஆகவே ஆள் வைத்துத்தான் எடுத்திருக்கிறீர்கள். அந்த வாரம் பின்கதவு வழியாக வந்தவர் பக்கத்துக் கடைச் சாவிக்காரர் ஒருவர்தான். வியாழக்கிழமை நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த கண்ணாடியை அவர் கையில்தான் உங்கள் கொழுந்தியாள் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். நான் தொடையைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்புறம் நான் போய் நன்றி சொன்னபோது, ஒரு பூட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவர் நிமிராமலே தலையாட்டினார். குற்றமுள்ள நெஞ்சு எப்படி நிமிரும்? இப்போது அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

என் மனசிலிருப்பதைச் சொல்லிவிடுகிறேன். முந்நூறு பேர் திட்டியதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் இவள் அந்தக் கையை அடையாளம் கண்டிருக்கிறாள். கண்டும், இரக்கம் உண்டா என்று நீங்கள் கேட்டதற்கு இதயம் போட்டிருக்கிறாள். இந்தக் கை சம்பாதித்துத்தான் இந்த வீடு நடக்கிறது, அந்தக் கையைக் கொலைகாரன் கையாக அவள் பார்த்தால் நான் எங்கே போய் நிற்பேன்? மூன்று நாளாக எலுமிச்சை சோப்பால் நாலு தடவை கழுவுகிறேன். அவள் தட்டை வைக்கும்போது கையை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொள்கிறேன். "கையில என்ன?" என்று கேட்கிறாள், ஒன்றுமில்லை என்கிறேன். ஆகவே, படத்தை உடனே எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால் இன்னாருடைய கை என்றாவது போடுங்கள். இரண்டும் முடியாது என்றால் அவளை அழைத்து, "சகலை நல்லவன்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அத்தைக்கு என் வணக்கம், கை கழுவிவிட்டுத்தான் எழுதினேன் என்று சொல்லவும். உங்கள் வீட்டம்மாவை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் ரத்தம் சுத்தமாகி, கொழுப்பு அடங்கி, நீங்கள் நூறு வயது வாழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்ளும்,

இரக்கம் உண்டா என்று நீங்கள் கேட்ட கைகளின் சொந்தக்காரன்,
சின்ன மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டேன். பசையோடு வந்தவள் கடிதத்தைப் பிடுங்கி முழுதும் படித்துவிட்டாள். படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "சாவிக்காரர் பாவங்க, கண்ணாடியக் கொண்டுவந்தது நான்தான். பின்கதவுல நின்னு பத்து நிமிஷம் பாத்தேன், நீங்க திரும்பவே இல்ல. அவ்வளவு பெரிய தொடைய நாலே வெட்டுல பிரிச்சீங்க. என்னமோ அழகா இருந்துச்சு, அதான் ஒரு படம் எடுத்தேன். 'எங்க வீட்டுக்காரர் கை வேலையப் பாரு'ன்னு அக்காவுக்கு மட்டும் அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை திடீர்னு அந்தக் கை வந்து நின்னதும் இதயம் போட்டுட்டேன். கீழ என்ன எழுதியிருக்குன்னு அப்புறமாத்தான் படிச்சேன். நீங்க என்னடான்னா அந்தக் கையையே மடையன் கைங்கிறீங்க. உங்ககிட்ட என்னத்தச் சொல்ல?" என்றாள். அக்கா என்ன பதில் போட்டாள் என்று கேட்டேன். கைப்பேசியைத் திறந்து காட்டினாள். "குடுத்து வச்சவடி நீ. எங்க வீட்டுல இருக்கிறவரு கை போனைத் தடவுறதத் தவிர வேற எதுக்கும் அசையிறதில்ல."

உங்கள் வீட்டம்மாவின் கைப்பேசியில், நீங்கள் எடுத்துப் போட்ட அந்தப் படத்துக்கு நேர் கீழே அந்த வரிதான் இருந்திருக்கும். படிக்காமலா இருந்திருப்பீர்கள்? சகலை, இத்தனை நாளாக அந்த வாசகத்தை உங்கள் கொள்கை என்று நினைத்துவிட்டேன். அது எனக்கு இருபத்திரண்டு வருடமாக இருக்கிற அதே வியாதி. மேலே எழுதிய எதையும் மனதில் வைக்க வேண்டாம், படமும் அப்படியே இருக்கட்டும். சாவிக்காரரிடம் இன்றே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள், காய்கறிச் சாப்பாடுதான். வெங்காயத்தை நீங்கள் உரியுங்கள், கத்தி பிடிக்க நான் சொல்லித் தருகிறேன். உங்கள் வீட்டம்மாவைப் பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுக்கச் சொல்லுவோம்.