புடலைக்குக் கட்டிய கல்

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் சாலையில், கையில் மாற்றுச் சட்டையோடும் காலில் ஒற்றைச் செருப்போடும் நடந்துகொண்டிருந்தேன். (இன்னொரு செருப்பு, துரத்தியவர் கையில் இருந்தது. திரும்பிப் போய்க் கேட்கும் நிலையில் நான் இல்லை.) எழுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டபிறகு டீக்கடை, சைக்கிள் கடை, அரிசி மில் என்று என்னைத் துரத்தாத இடம் இல்லை. ஆனால் ஒரு கல்யாணத்தையே கலைத்துவிட்டு ஓடியது அன்றைக்குத்தான்.

முனுசாமி என்பவரின் தோட்டத்தில் எனக்குச் சாப்பாட்டோடு வேலை. கோடையில் தோட்டம் கைக்குழந்தை மாதிரி. வெயில் ஏறுமுன் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கத்திரிச் செடிகளின் அடியில் சருகு பரப்பி ஈரத்தைக் காக்க வேண்டும். புடலைப் பிஞ்சு விரல் நீளம் வந்ததும், அதன் நுனியில் சின்னக் கல்லை நாரால் கட்டித் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் காய் சுருளாமல் நேராக இறங்கும்.

"கொட்டப்பாக்கு அளவு கல்லு போதும்பா," என்றார் முனுசாமி.

தலையாட்டினேன். ஆனால் அந்தப் பந்தலுக்குக் கீழே நின்றால் காதில் விழுந்தது எதுவும் மண்டையில் தங்காது. இலைகளின் வழியே இறங்கும் வெளிச்சம் பச்சைத் தண்ணீர் போலிருக்கும். சாயங்காலமானால் ஓரத்தில் நூல் பிரிந்த வெள்ளைப் பூக்கள் மெல்ல விரியும். ஏரியின் அடியில் படுத்துக்கொண்டு மேலே பார்ப்பது போல ஒரு மயக்கம். அந்த மயக்கத்தில் எனக்குள் ஒரு விஞ்ஞானி விழித்துக்கொண்டான். சின்னக் கல் காயை நேராக்கும் என்றால், பெரிய கல் அதை வேகமாக நீட்டுமே! கிணற்றடியில் கொய்யாக்காய் அளவுக் கற்களாகப் பொறுக்கிவந்து பந்தல் முழுக்கக் கட்டினேன். அவை காற்றில் ஆடுவதைப் பார்த்தபடி, ஆளுயரக் காய்களைக் கனவு கண்டு தூங்கிப்போனேன்.

மறுநாள் முனுசாமியின் மகள் கோமதியைப் பெண் பார்க்கச் சாலவாக்கத்திலிருந்து மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் வந்தார்கள். அதற்குமுன் வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்ததால், முனுசாமி விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வீட்டில் கரண்ட் வேறு இல்லை.

"உள்ள ஒரே புழுக்கமா கீது. பந்தல் கீழ ஜில்லுனு கீது, வாங்க," என்று அவரே அழைத்துப்போய்ப் பாய் விரித்தார்.

கோமதி காப்பித் தட்டோடு வந்தாள். அந்த நேரம் பார்த்து, கோடை மழைக்கு முன்னால் வருகிற காற்று வீசியது. முதல் கல் தம்ளரில் விழுந்தது. அடுத்தது, பிஞ்சோடு சேர்ந்து, மாப்பிள்ளையின் அப்பா நெற்றியில்.

"ஐயோ, கல்லு வுடறாங்கடா!" என்று அவர் எழுந்து ஓட, கோமதி சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை.

"வூட்டுக்குக் கூப்ட்டு கல்லால அடிச்சிட்டு, சிரிச்சிக்கினு வேற கீறீங்களா?" என்று அவர் பஸ் ஏறப் போய்விட்டார். முனுசாமி மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தார்.

அப்படித்தான் நான் சாலைக்கு வந்தேன். பின்னால் சைக்கிள் மணி கேட்டது. மாப்பிள்ளை. அடிக்க வருகிறார் என்று நினைத்து நின்றேன். (ஒற்றைச் செருப்போடு எவ்வளவு தூரம் ஓட முடியும்?)

"இன்னாபா, கல்லு கட்டனது நீதானே?"

"நான்தாங்க."

"அந்தப் பொண்ணு எப்பவும் அப்படித்தான் சிரிக்குமா?"

"ஆடு தும்மினாக்கூட சிரிக்குங்க."

சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துக்கொண்டார். முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம். "ஏறு பின்னால. பொண்ணு வூட்டுக்காரங்க வேணும்னே அடிச்சாங்கன்னு எங்க நைனா சொல்லிக்கினு கீறாரு. உன் லட்சணத்த நீயே வந்து சொல்லு."

சாலவாக்கத்தில் அவர் வீட்டுத் திண்ணையடியில் நின்று சொன்னேன். என் விஞ்ஞானம் முழுவதையும், கொய்யாக்காய் அளவு உட்பட. பெரியவர் வீங்கிய நெற்றியோடு பொறுமையாகக் கேட்டார்.

"உன்ன மாதிரி ஒருத்தன வெச்சி சோறு போட்டுக்கினு கீறான்னா, அவன் ரொம்ப நல்லவனாத்தான் இருக்கணும்," என்றார் கடைசியில். "சம்பந்தம் பண்ணலாம்."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் அந்தச் சாலவாக்கம் வீட்டில் புடலங்காய்க் கூட்டு பரிமாறினால், கோமதியின் பேரன்கள் தலையில் கைவைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள்.

நான் போய் உண்மையைச் சொன்ன மறுநாள் காலையிலேயே எனக்கும் அந்த வீட்டில் வேலை கிடைத்தது. தோட்டப் பக்கம் விடவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து, பெரியவரின் நெற்றியில் பற்றுப் போடும் வேலை.