முடிவிலியைத் தாண்டிய லென்ஸ்

லென்ஸ் முடிவிலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

ஜோனத்தன் மானிட்டரிலிருந்து தலையை நிமிர்த்தி லென்ஸின் வளையத்தைப் பார்த்தான். படுத்துக் கிடக்கும் எட்டு போன்ற குறிதான் முடிவிலி. வளையத்தை அதுவரை திருப்பினால் தூரத்தில் உள்ளதெல்லாம் துல்லியமாகத் தெரிய வேண்டும். ஆனால் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை வரிசையும், சிறு தேவாலயமான சேப்பலின் கதவும், அதன் ஆறு படிகளும், படியில் நின்ற ஜெனவீவும் என எல்லாமே கோப்பியில் ஊறிய ரொட்டிபோல் குழைந்து தெரிந்தன. துல்லியம் குறிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்து, நிற்காமல் போய்விட்டது. போதாததற்கு லென்ஸ் ஆடவும் செய்தது.

“முடிவிலிக்கு அந்தப் பக்கம் என்னா இருக்கு, ஜோ?” என்று ஜெனவீவ் படியிலிருந்து கேட்டாள்.

“ஒண்ணும் இருக்கக் கூடாது.”

“அப்ப நான் ஒண்ணும் இல்லாத எடத்துலதான் நிக்கிறேன். கொசு மட்டும் இருக்கு.”

கோளாறு எங்கே என்பது அவனுக்குத் தெரியும். கேமரா, சிரம்பானில் அவர்கள் இருவரும் போகும் மாலை வகுப்பினுடையது. சினிமா எடுக்கிற கேமரா. ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள். அதற்குரிய லென்ஸை வாடகைக்கு எடுக்கக்கூட அவனால் முடியாது. அதனால் தெமியாங்கில் ஸ்டூடியோ வைத்திருந்து மூடிவிட்ட ஆம்புரோஸ் அங்கிளிடம் பழைய ஃபோட்டோ லென்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தான். அவர் அதை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்தார். டின்னின் அடியில் உள்ளங்கை அகலத்தில் சில நெகட்டிவ்கள் கிடந்தன. லென்ஸையும் கேமராவையும் சேர்ப்பதற்குத் தபாலில் வந்த மலிவான அடாப்டர், இருக்க வேண்டியதைவிட ஒரு மயிரளவு மெலிந்திருந்தது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று விட்டுவிடும் நிலையில் அவன் இல்லை. பகலில் ஜோனத்தன் செனவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்ப்பவன். விளக்குக்கு முன்னால் கையுறையை ஊதிப் பிடித்து, ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கே பயிற்சிப் பிரிவுக்கு வீடியோ எடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. திங்கட்கிழமை மூன்று நிமிடப் படம் ஒன்றைக் காட்டினால் அந்த வேலை அவனுக்குக் கிடைக்கலாம். காட்டாவிட்டால் கையுறைதான்.

படம் எளிமையானது. ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில், மாதம் ஒரு பூசை மட்டும் நடக்கும் சேப்பலிலிருந்து ஒரு பெண் வெளியே வருகிறாள், ஆறு படி இறங்குகிறாள், லென்ஸின் அருகில் வந்து நிற்கிறாள். ஒரே ஷாட். அவள் வர வர ஃபோகஸும் கூடவே வர வேண்டும். அதற்கு வளையத்தில் உள்ள தூரக் குறிகள் பொய் சொல்லக் கூடாது.

அறைக்குத் திரும்பியதும் அவன் நோட்டை எடுத்து எழுதினான்: ‘அடாப்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில் சீரான தடிப்புள்ள மெல்லிய வளையம் வைத்தால் சரியாகும்.’ பிறகு கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டான். அவனுடைய குறிப்புகள் எல்லாமே கேள்விக்குறியில்தான் முடியும்.

காகிதம் நசுங்கும். பிளாஸ்டிக் கோப்பை வளையும். பிஸ்கட் டின்னில் கிடந்த நெகட்டிவ் ஒன்றை எடுத்துத் தொழிற்சாலைக் கருவியால் எட்டு இடத்தில் அளந்தான். எட்டு இடத்திலும் ஒரே தடிப்பு. அதில் என்ன படம் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. நடுவை வட்டமாக வெட்டி எடுத்து, ஓரத்து வளையத்தை லென்ஸுக்குப் பின்னால் வைத்தான். வெட்டிய நடுத்துண்டை, எதையும் வீசும் பழக்கம் இல்லாததால், ஓர் உறையில் போட்டு வைத்தான்.

மறுநாள் மாலை லென்ஸ் ஆடவில்லை. துல்லியமும் குறிக்குப் பாதி தூரம் நெருங்கியிருந்தது. நோட்டில் அதை எழுதக் குனிந்தபோது ஜெனவீவ் மானிட்டரை எட்டிப் பார்த்தாள்.

“அது யாரு?”

மூன்றாவது படியில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மடித்து வைத்த கைக்குட்டை. மற்றதெல்லாம் குழைந்திருக்க, அவன் மட்டும் சட்டைப் பொத்தான் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தான். ஜோனத்தன் நிமிர்ந்து படியைப் பார்த்தான். காய்ந்த இலைகள்தான் கிடந்தன. மறுபடி மானிட்டரைப் பார்த்தான். ஆள் லென்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“உள்ளுக்குள்ள எங்கியோ வெளிச்சம் பட்டுத் தெறிக்குது. நெகட்டிவ் ஓரம் பளபளன்னு இருக்குல்ல” என்றான் ஜோனத்தன்.

“பளபளப்பு கைக்குட்டை வெச்சிக்கிட்டு நிக்குமா?”

அவன் லென்ஸைக் கழற்றித் துடைத்து மாட்டினான். ஆள் இன்னும் சுத்தமாகத் தெரிந்தான்.

சேப்பல் சாவியை வைத்திருக்கும் அகதா அக்கா அப்போது எதிர்வீட்டிலிருந்து தட்டில் கோப்பி கொண்டுவந்தார். போர்டிக்சனிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். யார் எதற்காக வந்தாலும் கோப்பி கொடுக்காமல் விட மாட்டார். தட்டில் மூன்று கப் இருந்தது. ஒன்று அவருக்கு என்று இவர்கள் நினைத்தார்கள். அவர் அதைத் தொடாமல் மூன்றாவது படியில் வைத்துவிட்டு, சோறு அடுப்பில் இருக்கிறது என்று போய்விட்டார்.

துல்லியம் இன்னும் குறிக்கு வரவில்லை என்பதுதான் ஜோனத்தனின் கவலை. அந்த ஆளைப் பற்றி அவன் நினைக்காமல் இல்லை. ஆனால் அவனை நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. எனவே இரண்டாவது நெகட்டிவை வெட்டினான்.

மூன்றாம் மாலை, ஆளுக்குப் பக்கத்தில் ஒரு கணவன் மனைவி நின்றார்கள். மனைவியின் இடுப்பில் ஒரு குழந்தை. மூன்று பெரியவர்களும் ஆணி அடித்ததுபோல் நின்றார்கள். குழந்தைக்கு மட்டும் மூக்கு அரித்தது போலிருந்தது. விரல் மூக்குக்குப் பாதி வழியில் வந்து நின்றிருந்தது.

ஜெனவீவ் மானிட்டருக்கு இன்னும் அருகில் குனிந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“இப்ப நான் அவங்க மேலயா நடக்கணும்?”

“ஓரமா வா. எடது பக்கம் எடம் இருக்கு.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அவள் சுவரை ஒட்டி இறங்கி வந்தாள். கடைசிப் படியில், யாரையோ இடித்துவிட்டவள்போலத் தன்னையறியாமல் “சாரி” என்றாள். அந்த ஷாட்டைப் பயன்படுத்த முடியாமல் போனது.

வெள்ளிக்கிழமை மூன்றாவது வளையம். துல்லியம் சரியாகக் குறியில் வந்து உட்கார்ந்தது. சிலுவையின் துரு தெரிந்தது, செம்பனை ஓலையின் நுனி தெரிந்தது. ஐந்து நாள் உழைப்பு. ஜோனத்தன் சந்தோஷப்பட நினைத்தான். ஆனால் ஆறு படியிலும் ஆட்கள். முன்வரிசை குத்துக்காலிட்டு, நடுவரிசை நாற்காலியில், பின்வரிசை தோளோடு தோள் ஒட்டி. எல்லோரும் நல்ல உடுப்பு. எல்லோருடைய கண்ணும் லென்ஸில். குழந்தையின் விரல் மூக்குக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தது.

“இப்ப எந்தப் பக்கம்லா எடம் இருக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஜெனவீவ் காரில் போய் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஜோனத்தன் தெமியாங்குக்குப் போனான். ஆம்புரோஸ் அங்கிள் பழைய ஸ்டூடியோவின் வாசலில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய மகள் ஃபோன் உறை விற்றுக்கொண்டிருந்தாள். லென்ஸுக்குள் ஏதாவது கோளாறு உண்டா என்று இவன் சுற்றி வளைத்துக் கேட்டான். லென்ஸில் ஒன்றும் இருக்காது, அந்தக் காலத்தில் ஆட்களை நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம் என்று அவர் சொன்னார். தோட்டத்து ஆட்கள் சொன்னால் கேட்பார்களாம். ‘அசையாதீங்க’ என்றால் மூச்சுகூட விட மாட்டார்களாம். எடுத்து முடித்ததும் ‘போகலாம்’ என்று இவர் வாயால் சொன்னால்தான் கலைவார்களாம். இவரும் ஒவ்வொரு முறையும் மறக்காமல் சொல்லிவிடுவார்.

“ஒரே ஒரு தடவதான் வுட்டுட்டேன்” என்று சிரித்தார். “ரந்தாவ் பக்கம், கிறிஸ்மஸ் அன்னிக்கு. கோயில் படியில மொதல்ல ஒருத்தர், அப்புறம் ஒரு குடும்பம், கடைசியா எல்லாரும். கடைசிப் படம் எடுத்ததும் மழை கொட்டிருச்சு. கேமராவ சட்டைக்குள்ள வெச்சிக்கிட்டு ஒரே ஓட்டம். போகலாம்னு யாருக்குமே சொல்லல. பாவம், எவ்வளோ நேரம் நின்னாங்களோ.”

அவர் கொடுத்த தோசையைப் பிட்டுக்கொண்டிருந்த ஜோனத்தன் அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

“டின்னுல இருக்கற நெகட்டிவ் பத்திரமா இருக்குல்ல?”

“இருக்கு அங்கிள்.”

அது பொய்யில்லை. எல்லாமே இருந்தது; இரண்டிரண்டு துண்டாக இருந்தது.

ரந்தாவைச் சுற்றி எத்தனையோ தோட்டம், எத்தனையோ படி என்று பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அறைக்கு வந்ததும் மூன்று வளையத்தையும் எடுத்துவிட்டு, அதே அளவுக்கு அலுமினிய நாடாவைப் பொறுமையாக வெட்டி ஒட்டினான். பளபளப்பு தெரியாமல் ஓரத்தைக் கறுப்பாக்கினான். ‘காரணம்: நெகட்டிவ்’ என்று எழுதினான். வாழ்க்கையில் முதல் முறையாகக் கேள்விக்குறி போடவில்லை.

ஞாயிறு மாலை மானிட்டரில் ஆறு படியும் காலியாக இருந்தன. ஜோனத்தன் மூன்று முறை எண்ணினான். ஜெனவீவ் ஐந்து முறை. கதவு திறந்தது, அவள் வந்தாள், இறங்கினாள், ஃபோகஸ் அவளோடு குறி குறியாக இறங்கி வந்து அவள் கண்ணில் நின்றது. முதல் டேக்கிலேயே முடிந்தது. இருவரும் அவசர அவசரமாகச் சாமான்களைக் கட்டினார்கள். அகதா அக்கா பெரிய கெட்டில் நிறையக் கோப்பியும், கைகொள்ளாத அளவுக்குக் கப்பும் கொண்டுவந்து படிக்கட்டுச் சுவரில் வைத்தார். ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக இருக்கும் என்று இவர்கள் ஆளுக்கு ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை பயிற்சிப் பிரிவின் தலைவி அனுஷியா படத்தை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். அடுத்த மாதத்திலிருந்து மாடிக்கு வந்துவிடலாம் என்றார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

“படி இவ்வளவு அகலமா இருக்கே. அந்தப் பொண்ணு ஏன் சுவர ஒட்டி, ஒரு பக்கமாத் திரும்பித் திரும்பி எறங்குறா?”

பழக்கம் மேடம் என்று அவன் சொன்னான்.

மாலையில் அறையில் உட்கார்ந்து, ஆம்புரோஸ் அங்கிளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று நோட்டில் எழுதிப் பார்த்தான். வெட்டியதை ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. உறையைக் கவிழ்த்து மூன்று வட்டத் துண்டுகளையும் மேசையில் பரப்பினான். இத்தனை நாளில் அவற்றை ஒரு தடவையாவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஓட்டை பார்ப்பதே வேலையாக இருப்பவன்.

ஒவ்வொன்றாக விளக்கில் காட்டினான். முதல் துண்டில் சேப்பல் படி இருந்தது. இரண்டாவதிலும் படி. மூன்றாவதில் ஆறு படியும், மேலே மழை மேகமும், ஒரு வரிசைக் காலி நாற்காலிகளும் இருந்தன. ஆட்கள் எதிலும் இல்லை.

வெளியே மழை பிடித்தது. ஃபோன் அடித்தது. அகதா அக்கா.

“தம்பி, நேத்து விட்டுட்டுப் போனீங்களே ஒங்க ஷூட்டிங் ஆளுங்க, இன்னும் படியிலயே நனைஞ்சிக்கிட்டு நிக்கிறாங்க, உள்ள கூப்பிட்டா வரமாட்டேங்குறாங்க, நீங்க வந்து போகலாம்னு சொன்னாத்தான் போவாங்களாம்.”