பெரியசாமி மாமாவை அழித்த நாள்

எனக்குப் பேய் பயம் உண்டு. அதைவிடப் பெரிய வியாதி, தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வது. இரண்டும் சேர்ந்து ஒரே நாளில் பதினொரு பேரைக் கொன்றன.

தொண்ணூறுகளின் கடைசி. தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்ட ஆபீசில் நான் புதுக் கிளார்க். தொழிலாளர் பெயர்ப்பதிவு கொழும்பில் ஒரு யுனிக்ஸ் கம்ப்யூட்டரில் இருந்தது; டெலிபோன் வயர் வழியாக அதோடு சேர வேண்டும். எந்த டெர்மினல் மாதிரி, அதாவது எந்த வகைத் திரை மாதிரி, நடந்துகொள்ளட்டும் என்று எங்கள் மெஷின் கேட்டது. கொழும்பு அனுப்பிய தாளில் 'வீ.டீ. 100' என்றிருந்தது. நான் பட்டியலில் முதலாவதாக நின்ற 'டீ.டீ.வை'யைத் தட்டினேன். (முதலில் நிற்பதுதானே முதல் தரம்? அப்போது என் மூளை அவ்வளவுதான்.)

முதல் வேலை, போன வாரம் இறந்த பெரியசாமி மாமாவின் பெயரை எடுப்பது. கணக்கப்பிள்ளை வாசலிலேயே தடுத்தார்.

"கருமாதி முடியல. அதுக்குள்ள பேர வெட்டுறீங்களே தம்பி. நம்ம தோட்டத்துல அப்படி செய்யிறதில்லீங்க."

"இது கம்ப்யூட்டருங்க" என்றேன்.

பகல்தான், ஆனால் மழை இருட்டு. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் அசையவில்லை. காரணம் 'இறப்பு' என்று அடித்து, பெயரை அழித்தேன். போகவில்லை. பக்கத்தில் யாரோ நடுங்கும் கையால் கிறுக்கியதுபோல் அடைப்புக்குறியும் எண்ணுமாக முளைத்தது. மறுபடி அதே காரணத்தை அடித்து அழித்தேன். மாமா அங்கேயே இருந்தார். பர்சிலிருந்த விபூதியை மொனிட்டரில் பூசினேன்.

"கோவிச்சுக்காதீங்க மாமா" என்று சொல்லிச் சொல்லி மொத்தம் பன்னிரண்டு தடவை அழித்தேன். பிறகு மறுநாளுக்கான பட்டியலைப் பிரின்ட் எடுத்து, படிக்காமலே கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டுத்தான் வேலை பிரிப்பார்கள். அன்று பனி ஆளை மறைத்தது. மாமாவின் பெயர் வரவில்லை. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போன பிறகும் பனிக்குள் பதினொரு உருவங்கள் கூப்பிடப்படாமல் நின்றன.

கணக்கப்பிள்ளை அடுத்த தாளைப் புரட்டினார். "இவங்க எல்லாம் இறப்புன்னு போட்டிருக்குங்களே."

கடைசி உருவம் பால் வெட்டும் கத்தியோடு என்னை நோக்கி வந்தது. என் அம்மா.

"நான் எப்படா செத்தேன்?"

கொழும்புக்குப் போன் போட்டேன். என்ன டெர்மினல் போட்டாய் என்று சிங்களத்தில் கேட்டவர், பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டு விளக்கினார். மாமா முதல் தடவையிலேயே போய்விட்டாராம். என் 'முதல் தரம்' தாளில் அடிக்கும் பழைய மெஷின் வகையாம்; அழிந்த பெயரைத் திரையிலிருந்து துடைக்க அதற்குத் தெரியாது. பிறகு நான் கேட்ட ஒவ்வொரு மன்னிப்புக்கும் அடுத்த பெயர் ஒன்று போயிருக்கிறது.

பெயர்களைத் திரும்ப ஏற்றப் பின்னேரமாகிவிட்டது. அன்று பதினொரு பேருக்கும் வேலை இல்லை. அம்மா வெறும் வாளியோடு லயத்து வீட்டுக்கு நடந்ததைப் பார்த்தபோது, என் பெயரையும் அழித்துவிடலாம் போல அவமானமாக இருந்தது.

இன்றைக்கும் தேத்தண்ணி கேட்டால் அம்மா இருந்த இடத்தை விட்டு எழும்பமாட்டார்.

"செத்தவ கையால வாங்கிக் குடிக்காதடா. ஆகாது."